மூன்று முனைக் காப்பு: குவேபுல் தைத்த அனுபவம்

சியோலில் நாங்கள் வசிக்கும் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருக்கும் பாட்டியின் பேரனுக்கு முதல் பிறந்தநாள் வரவிருந்தது. கொரியர்கள் இந்த நாளை ‘டோல்’ என்று அழைத்துச் சிறப்பாகக் கொண்டாடுகிறார்கள். குழந்தைக்கு ‘ஹான்போக்’ என்னும் கொரிய மரபுடையை அணிவித்து, நீண்ட ஆயுளைக் குறிக்கும் நீளமான பட்டையை இடுப்பில் சுற்றிக் கட்டி, அதில் சிறு பைகளையும் காப்புப் பொருள்களையும் தொங்கவிடுகிறார்கள். விருந்தினர் பெரும்பாலும் தங்க மோதிரம் கொண்டுவருவார்கள். நான் இந்த ஊருக்கு வந்த முதல் மாதத்திலிருந்து காய்கறிகளின் பெயர் முதல் பேருந்து எண் வரை எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தவர் அந்தப் பாட்டி. அவர் வீட்டுக் குழந்தைக்கு என் கையால் தைத்த ஒன்றைக் கொடுக்க வேண்டும் என்று விரும்பினேன். அப்படித்தான் குவேபுல் தைக்கத் தொடங்கினேன். மூன்று வாரங்கள் நீடித்த அந்த வேலையை, பிழைகளையும் விட்டுவிடாமல் இங்கே பதிகிறேன்.

குவேபுல் என்பது பஞ்சு அடைத்து, பூத்தையல் போட்டு, வண்ணக் கயிறு கோத்த முக்கோணத் துணிக்காப்பு. பெண்கள் ஹான்போக்கின் மேல்சட்டை முடிச்சிலோ பாவாடை இடுப்பிலோ தொங்கவிடும் ‘நோரிகே’ என்னும் அணிகளில் இதுவும் ஒரு வகை. குழந்தைகளுக்குப் பைக்கயிற்றின் நுனியில் கட்டிவிடுவார்கள். வசதி படைத்தோரின் நோரிகேகளில் பச்சைக்கல்லும் பவளமும் வெள்ளியும் தொங்கின. குவேபுலுக்கோ, உடை தைத்தபின் மிஞ்சும் பட்டுத் துண்டும் ஒரு சிட்டிகைப் பஞ்சும் போதும். அதனால்தான் எளிய வீடுகளிலும் இது இருந்தது. எனக்கு இதன்மேல் உண்டான மதிப்புக்கும் அதுவே முதற்காரணம். பழைய தாமரைக் கிழங்கில் உண்டாகும் ஒரு காயின் பெயரே இதற்கு வந்தது என்றும், அக்காயை வைத்திருந்தால் தீயவை அண்டாது என்று மக்கள் நம்பினர் என்றும் சொல்லப்படுகிறது. முக்கோணத்தின் மூன்று முனைகளும் ‘சம்ஜே’ எனப்படும் மூன்று கேடுகளை அடக்கும் என்பது மற்றொரு நம்பிக்கை. அம்மூன்றையும் நீர், நெருப்பு, காற்று ஆகியவற்றால் வரும் அழிவு என்று எண்ணுவோரும் உண்டு. போர், கொள்ளைநோய், பஞ்சம் என்று எண்ணுவோரும் உண்டு. எப்படி எண்ணினாலும் இந்தப் பொருளின் ஆற்றல் முழுவதும் முனைகளில்தான் இருக்கிறது. தைக்கும்போது எனக்கு மிகுந்த தொல்லை கொடுத்தவையும் அந்த முனைகளே.

துணி வாங்க ஜோங்னோவிலுள்ள குவாங்ஜாங் சந்தைக்குச் சென்றேன். 1905-இல் தொடங்கிய அந்தச் சந்தைக்கு இன்று பலரும் உணவுக்காகவே வருகிறார்கள். ஆனால் ஹான்போக் துணிக்கும் பட்டுக்கும் அது பேர்போன இடம். உடைக்கு வெட்டியபின் எஞ்சும் துண்டுகளைக் கொரிய மொழியில் ‘சாத்துரி’ என்பார்கள். அவற்றை வீணாக்காமல் ஒட்டுத்துணி விரிப்புகளாகத் தைக்கும் மரபு இங்கு வலுவாக இருந்து வந்திருக்கிறது. நான் கேட்டதும் கடைக்கார அம்மையார் ஒரு பையிலிருந்து துண்டுகளைக் கொட்டினார். உள்ளங்கை அகலத்தில் சிவப்பு ஒன்றும் நீலம் ஒன்றுமாக இரண்டு பட்டுத் துண்டுகளை எடுத்துக்கொண்டேன். பளபளப்பான சாட்டின் நெசவுத் துணி பார்வைக்கு அழகாக இருந்தாலும், அதன் மிதக்கும் இழைகள் ஊசிமுனையில் எளிதாகச் சிக்கிக்கொள்ளும். ஆகவே புதிதாகத் தைப்பவர்கள், மியோங்ஜு எனப்படும் சாதா நெசவுப் பட்டை எடுப்பதே நல்லது என்பது என் கருத்து.

நிறத் தேர்வுக்கும் ஒரு கணக்கு உண்டு. கிழக்குக்கு நீலம், மேற்குக்கு வெள்ளை, தெற்குக்குச் சிவப்பு, வடக்குக்குக் கருப்பு, நடுவுக்கு மஞ்சள் என்ற ஐந்தும் சேர்ந்ததே ‘ஓபாங்செக்’. திசைகள் அனைத்தையும் நிறத்தால் கட்டி வைத்தால் தீமை நுழைய வழி இராது என்ற எண்ணம், குழந்தைகளின் பலவண்ணக் கோடு போட்ட சட்டைக் கைகள் முதல் கோயில் உத்தரங்கள் வரை எங்கும் தெரிகிறது. முன்பக்கம் சிவப்பு, பின்பக்கம் நீலம், ஓரத்தையலுக்கு மஞ்சள், வெள்ளையும் கருப்பும் பூத்தையலில் என்று நான் பிரித்துக்கொண்டேன்.

முதல் முயற்சியைப் பழைய முறைப்படி, ஒரே சதுரத் துணியை மூலைக்கு மூலை மடித்துச் செய்தேன். சோதனை என்பதால் பூத்தையல் போடவில்லை. எட்டு செ.மீ. சதுரத்தில் சுற்றிலும் அரை செ.மீ. தையலுக்கு விட்டு, உட்புறம் வெளியே இருக்க மடித்து, திறந்த இரு பக்கங்களில் சிறு வாயை மட்டும் விட்டுவிட்டுத் தைத்து, பிறகு தலையணை உறையைப் போல் வெளிப்பக்கமாகத் திருப்பினேன். தவறு அங்கேதான் நேர்ந்தது. முனைகள் ஒடுங்கியவை, தையலுக்கு விட்ட துணி திருப்பியபின் அந்த ஒடுக்கத்துக்குள் சுருண்டு அடைத்துக்கொண்டது. முனையை வெளியே இழுக்க ஊசியால் நெம்பியபோது பட்டு பிசிறு விட்டது. பஞ்சைத் திணித்தபின் நடுப்பகுதி உப்பியதே தவிர, முனைகள் மூன்றும் மொட்டையாகவே நின்றன.

அதைப் பாட்டியிடம் காட்டினேன். யாருக்கு என்று சொல்லாமல் வெறுமனே பழகிப் பார்ப்பதாகத்தான் சொன்னேன். அவர் விரல்நுனியால் மூலையைத் தடவிப் பார்த்து, “முனை நிற்க வேண்டும், முனை நிற்காவிட்டால் இது பஞ்சுப் பொட்டலம்தான்” என்றார். பிறகு உள்ளே சென்று தம்முடைய பழைய ‘கொல்மு’ ஒன்றை எடுத்து வந்தார். கொல்மு என்பது கொரியப் பெண்கள் தைக்கும்போது விரலில் மாட்டிக்கொள்ளும் துணி விரலுறை. இரண்டு விறைப்பான துண்டுகளைத் தனித்தனியே ஓரம் மடித்துத் தயாரித்துக்கொண்டு, அவற்றை வெளிப்புறமாகவே இணைத்துத் தைத்திருந்தார்கள். எதையும் உள்ளிருந்து திருப்பவே இல்லை. என் சிக்கலுக்கான தீர்வு அந்த விரலுறையின் விளிம்பில் இருந்தது. மடித்த சதுரத்தை விட்டுவிட்டு, இரண்டு தனி முக்கோணங்களாகச் செய்வதென்று முடிவெடுத்தேன்.

பக்கம் ஆறு செ.மீ., உயரம் ஏறத்தாழ 5.2 செ.மீ. கொண்ட சமபக்க முக்கோணத்தை அட்டையில் வரைந்தேன். முதல் முயற்சியில் வேறொன்றையும் கவனித்திருந்தேன். பஞ்சு அடைத்ததும் பக்கங்களின் நடுப்பகுதி உள்ளே இழுபட்டு, நேர்க்கோடு குழிந்துவிடுகிறது. அதை ஈடுகட்ட ஒவ்வொரு பக்கத்தின் நடுவையும் ஒன்றரை மி.மீ. வெளிப்பக்கம் வளைத்து வரைந்தேன். தட்டையாகப் பார்க்கும்போது சற்றே பருத்துத் தெரியும் இந்த வடிவம், அடைத்தபின் நேரான பக்கங்களோடு வந்து நின்றது. அட்டையைப் பட்டின்மேல் வைத்து விளிம்பை மெல்லிய இழையோட்டத் தையலால் குறித்துக்கொண்டேன்; துணியை வெட்டவில்லை. பூத்தையல் முழுவதும் முடிந்த பிறகே வெட்ட வேண்டும். வெட்டிய சிறு துண்டைச் சட்டத்தில் இறுக்கிக் கட்ட முடியாது. உள்ளங்கை அளவுத் துண்டும் சட்டத்துக்குப் போதாது என்பதால், அதைப் பெரிய பருத்தித் துணியின் நடுவில் தைத்துப் பொருத்தி, பின்னால் இருந்த பருத்தியைக் கத்தரித்து நீக்கிவிட்டு, பருத்தியையே சட்டத்தில் இழுத்துக் கட்டினேன்.

முன்பக்கத்துக்கு வௌவாலைத் தேர்ந்தேன். பிறந்தநாள் பரிசில் வௌவால் ஏன் என்று படிப்பவர் நினைக்கலாம். கொரிய மரபில் அது நற்பேற்றின் உருவம். பெட்டிகளின் பித்தளைப் பூட்டுகளிலும் தலையணை முகப்புகளிலும் அதைக் காணலாம். காரணம் ஒலியில் இருக்கிறது. சீன எழுத்தில் வௌவாலைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளில் இரண்டாவதைக் கொரியர்கள் ‘போக்’ என்று படிக்கிறார்கள். நற்பேற்றைக் குறிக்கும் சொல்லும் ‘போக்’ தான். புத்தாண்டில் குழந்தைகளுக்குக் கொடுக்கும் சுருக்குப்பைக்குப் ‘போக்ஜுமொனி’ என்ற பெயர் வந்ததும் அதே சொல்லிலிருந்துதான். பூத்தையலில் வரும் வௌவால் பட்டாம்பூச்சியை ஒத்த மென்மையான உருவம். இறக்கைகளின் நுனி சுருள்களாக முடியும். மூன்று செ.மீ. இறக்கை விரிவில் அதை மெல்லிய தாளில் வரைந்து, கோடுகள் நெடுகிலும் ஊசியால் துளையிட்டு, துளைகள் வழியே வெள்ளைச் சுண்ணப்பொடியைத் தட்டிப் பட்டில் இறக்கினேன். விளிம்பிலிருந்து ஏழு மி.மீ. வரை எதையும் வரையவில்லை, ஏனெனில் அடைத்தபின் அந்தப் பகுதி பக்கவாட்டில் வளைந்துபோய்க் கண்ணில் படாது. பின்பக்கத்து நீலத்துக்கு ‘மேஹ்வா’ எனப்படும் ஐந்து இதழ் கொண்ட வெள்ளைப் பிளம் பூ ஒன்றே போதும் என்று தோன்றியது.

நூலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் கொரியப் பூத்தையலின் தனித்தன்மை நூலிலேயே தொடங்குகிறது. முறுக்காத பட்டிழையின் மினுமினுப்பை முதன்மையாகக் கொள்ளும் தையல் மரபுகள் உண்டு. கொரிய மரபு முறுக்கிய நூலை நிறையப் பயன்படுத்துகிறது. இதனால் பளபளப்பு சற்றுக் குறைகிறது. பதிலாகத் தையல் மேடு கட்டி, தொட்டால் விரலில் உணரக்கூடிய புடைப்பு கிடைக்கிறது. தினமும் கைபடும் பைக்கும் தலையணைக்கும் அந்த உறுதி தேவைப்பட்டிருக்கும். முறுக்காத பட்டிழையை வாங்கி வந்து நானே முறுக்கினேன். இரண்டு புரிகளைத் தனித்தனியே உள்ளங்கைகளுக்கு நடுவில் ஒரே திசையில் உருட்டி முறுக்கேற்றி, பிறகு இரண்டையும் சேர்த்து எதிர்த்திசையில் உருட்ட வேண்டும். அப்போதுதான் ஒரு முறுக்கு மற்றொன்றைப் பிடித்துக்கொண்டு பிரியாமல் நிற்கும். ஒரு மீட்டர் இழை முறுக்கியபின் தொண்ணூறு செ.மீ. அளவுக்கு வந்தது. கை வறண்டிருந்தால் இழை தோலில் சிக்கிப் பிசிறும்; வியர்த்திருந்தால் நிறம் மங்கும். முதல் நாள் மாலை முழுவதும் முறுக்குவதிலேயே கழிந்தது. மூன்றாம் நாள்தான் முறுக்கு நூல் நெடுக ஒரே சீராக விழத் தொடங்கியது.

இறக்கைகளைச் ‘சாரியொன்சு’ என்னும் தையலில் நிரப்பினேன். நீளமும் குட்டையுமான தையல்களை ஒன்றன் இடைவெளியில் மற்றொன்று புகும்படி போட்டு, அடர்நிறத்திலிருந்து வெளிர்நிறத்துக்குப் படிப்படியாகக் கொண்டு செல்லும் முறை அது. நுனியில் கருநீலம், நடுவில் நீலம், உடலருகே வெளிர்நீலம் என்று மூன்று நிறங்கள் எடுத்தேன். இடப்பக்க இறக்கையில் தையல்களின் நீளத்தை ஒரே அளவாக வைத்துவிட்டதால், நிறம் மாறும் இடத்தில் கோடு போட்டாற்போல் தெரிந்தது. அதைப் பிரித்துவிட்டு மறுபடி தைத்தேன். நீள வேறுபாட்டைத் துணிந்து கூட்டினால்தான் நிறங்கள் கலக்கின்றன. பட்டில் ஒருமுறை பிரித்தால் ஊசித்துளை தங்கிவிடும். நகத்தின் பின்புறத்தால் இழைகளை மெதுவாக நீவிவிட்டேன். மறுபடி போட்ட தையல் எஞ்சிய துளைகளை மறைத்தது. உடலை நெருக்கமான நேர்த்தையலாலும், விளிம்பைக் காம்புத் தையலை ஒத்த ‘இயும்சு’வாலும், கண்களைக் கருப்பு முடிச்சுத் தையலாலும் முடித்தேன். பின்பக்கத்துப் பூவின் நடுவிலும் மஞ்சள் முடிச்சுத் தையல்களே. மணிகளோ உலோகத் துண்டுகளோ எதையும் சேர்க்கவில்லை. ஒரு வயதுக் குழந்தை கைக்குக் கிடைப்பதை முதலில் வாயில்தான் வைக்கும். அதற்கான பொருளில் கழன்று விழக்கூடியது எதுவும் இருக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன்.

அடுத்தது விறைப்பூட்டும் வேலை. ‘ஹாஞ்சி’ என்னும் கொரியக் கைவினைத் தாளைக் கோதுமை மாவுப்பசையால் துணியின் பின்புறத்தில் ஒட்ட வேண்டும். காகித மல்பெரி மரப்பட்டையின் நார் நீளமானது. அதனால் அந்தத் தாள் மடித்தாலும் எளிதில் கிழிவதில்லை. முதலில் நான் காய்ச்சிய பசை நீர்த்திருந்தது. தனியே வெட்டி வைத்திருந்த சிவப்புத் துண்டு ஒன்றில் அதைத் தடவிச் சோதித்தபோது, ஈரம் பட்டின் முன்பக்கம் வரை ஊறி, காய்ந்ததும் வரைபடத்துக் கடற்கரை போலக் கறை தெரிந்தது. பூத்தையல் போட்ட துணியில் நேரடியாகத் தடவியிருந்தால் இரண்டு வார உழைப்பு போயிருக்கும். ஒரு பங்கு மாவுக்கு நான்கு பங்கு நீர் ஊற்றி, கண்ணாடி போல் ஆகும்வரை கிளறி, ஆறவைத்து, சல்லடையில் தேய்த்துக் கட்டி நீக்கினேன். தூரிகையால் துணியில் தடவாமல் தாளில் தடவி, அரை நிமிடம் விட்டு, மேலீரம் வற்றியபின் துணியின் பின்புறத்தில் அழுத்தினேன். கறை இல்லை. பசை தையல்களின் பின்முனைகளையும் பிடித்துக்கொண்டதால், முடிச்சு போடாமல் விட்ட நூல் நுனிகள் அசையாமல் நின்றன. சட்டத்திலேயே ஓர் இரவு முழுவதும் காயவிட்டேன்.

காய்ந்தபின் ஏழு மி.மீ. ஓரம் விட்டு வெட்டினேன். முனையை மடிக்கும் வரிசைதான் இதில் முக்கியம். முதலில் முனையின் நுனியை உள்ளே மடித்து, மடிந்த துணியின் மிகுதியைக் கத்தரித்துவிட்டு, பிறகு இரு பக்கங்களையும் அதன்மேல் மடிக்க வேண்டும். பக்கங்களை முதலில் மடித்தால் நுனியில் காது போல் ஒரு துண்டு நீட்டிக்கொள்ளும். பழைய நாளில் கரியடுப்பில் சூடாக்கிய சிறு இரும்பால் இந்த மடிப்புகளைத் தேய்த்தார்கள். நான் இஸ்திரிப் பெட்டியின் முனையை மெல்லிய துணி வைத்துப் பயன்படுத்தினேன். தாள் இருந்ததால் மடிப்பு கத்தி விளிம்பு போல நின்றது.

இரண்டு முக்கோணங்களையும் முதுகோடு முதுகாக வைத்து, மஞ்சள் நூலால் ‘சாத்துகி’ என்னும் தையலில் இணைத்தேன். ஊசி எப்போதும் இரு துண்டுகளுக்கும் நடுவே நுழைந்து, ஒருமுறை முன்பக்கமும் மறுமுறை பின்பக்கமும் வெளியே வர வேண்டும். ஒவ்வொரு முறையும் நூல் விளிம்பின் மேல் சாய்வாகக் குறுக்கிட்டுச் செல்லும். அப்படியே தொடர்ந்தால் இணைப்பு மறைந்து, விளிம்பு நெடுகப் பின்னல் சடை போன்ற மேடு உருவாகும். தையல்களின் இடைவெளி இரண்டு மி.மீ.க்கு மேல் போனால் உள்ளிருக்கும் தாள் எட்டிப் பார்க்கிறது. முனையில் மட்டும் மூன்று தையல்களை ஒரே துளையில் போட்டு வலுவூட்டினேன். பிள்ளைக் காப்பில் முதலில் தேயும் இடம் அதுதான்.

பஞ்சைக் கடைசியில் ஒரேயடியாகத் திணிக்கக் கூடாது. ஒரு முனையைத் தைத்து முடித்ததும் அரிசி அளவுப் பஞ்சை உருட்டி, மூங்கில் குச்சியால் அந்த முனைக்குள் செலுத்தினேன். பிறகு அடுத்த பக்கம், அடுத்த முனை. மூன்று முனைகளும் நிறைந்த பிறகே நடுவயிற்றை நிரப்பி, மீதமிருந்த இரண்டு செ.மீ. வாயை மூடினேன். மொத்தப் பஞ்சு ஒன்றரை கிராமுக்குச் சற்றுக் குறைவு. மூடும் முன்பே மேல்முனையில் தொங்கும் கயிற்றை உள்ளே விட்டு, முடிச்சிட்டு, துணியோடும் தாளோடும் சேர்த்துத் தைத்துவிட்டேன். வெளியே ஒட்டவைத்த கயிறு இழுத்தால் வந்துவிடும்.

கயிற்று முடிச்சு தனிக் கலை. ‘மேதுப்’ என்னும் அந்தக் கலையைக் கொரிய அரசு 1968-ஆம் ஆண்டிலேயே தேசிய மரபுக் கலைகளில் ஒன்றாக அறிவித்திருக்கிறது; பூத்தையலுக்கு அந்த இடம் 1984-இல்தான் கிடைத்தது. இந்த முடிச்சுகள் நடுவில் தொடங்கி நடுவில் முடியும். இடமும் வலமும் ஒத்திருக்கும். முன்பக்கமும் பின்பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும். நான் மிக எளிய தொரே முடிச்சு இரண்டும், அவற்றின் நடுவில் சாமந்திப்பூ முடிச்சு ஒன்றும் போட்டேன். பூ முடிச்சை விரலில் கட்டி முடிக்கப் பத்து நிமிடம் போதும். அதன் கண்ணிகளை ஒவ்வொன்றாக இறுக்கிச் சமப்படுத்த ஒன்றரை மணி நேரம் பிடித்தது. ஒரு கண்ணியை இழுத்தால் அதன் தளர்வு அடுத்த கண்ணிக்குப் போகும். அந்தத் தளர்வைக் கயிற்றின் பாதை நெடுகப் பொறுமையாக ஓட்டிச் சென்று கடைசியில் வெளியேற்ற வேண்டும். கீழ்முனைகள் இரண்டிலும் ஐந்து நிற நூல்களில் சிறு குஞ்சம் கட்டி, கொதிக்கும் கெண்டியின் ஆவியில் காட்டி நீவிவிட்டுச் சமமாகக் கத்தரித்தேன்.

டோல் நாளன்று காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். பாட்டி வௌவாலைப் பார்க்கும் முன்பே மூன்று முனைகளையும் ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்தார். “நிற்கிறது” என்று சொல்லிவிட்டு, குழந்தையின் இடுப்புப் பட்டையில் தாமே அதைக் கட்டினார். அந்த முதல் மொட்டை முக்கோணத்தையும் தம்மிடமே விட்டுச் செல்லச் சொன்னார். அது இப்போது அவருடைய தையல் பெட்டியில் ஊசி குத்தி வைக்கும் திண்டாக இருக்கிறது.